குழந்தைகளோடு மரவேலை: ஸ்க்ரோல் சா வாங்கும் முன் ஒரு மூன்று சுழி ணகரம் வரைந்து பாருங்கள்

என் மகளின் பெயரில் ஒரு மூன்று சுழி ணகரம் உண்டு. அவளுக்கு ஒன்பது வயது நடந்தபோது, அறைக் கதவில் மாட்டுவதற்கு மரத்தில் தன் பெயர் வேண்டும் என்று கேட்டாள். 6 மி.மீ. பிளைவுட்டில் அவளே எழுத்துகளை வரைந்தும் கொடுத்தாள். புதிதாக வாங்கியிருந்த ஸ்க்ரோல் சா, அதாவது வளைவுகளை வெட்டும் மேசை மின் ரம்பம், மற்ற எழுத்துகளையெல்லாம் வெட்டிக் கொடுத்தது. ணகரத்தில் வந்து நின்றுவிட்டது. சுழிக்குள் பிளேடை நுழைக்க 6 மி.மீ. துளை போட வேண்டியிருந்தது. அந்தச் சுழியின் உள்வெளியே சுண்டுவிரல் நகம் அளவுதான். துளை போட்டதும் சுழியின் சுவர் மெலிந்து, அறுக்கும்போது உடைந்தது. இரண்டாவது பலகையிலும் அதே இடத்தில் அதே உடைவு. மகள் அழவில்லை. "அப்பா, இரண்டு சுழி னகரமே வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டாள்.

அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒரு கருவியின் குறைக்காகக் குழந்தை தன் பெயரின் எழுத்தையே விட்டுக்கொடுக்கத் தயாரானது எனக்குப் பொறுக்கவில்லை. கடையில் வாட் எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று விசாரித்தேனே தவிர, இயந்திரம் பிளேடை எப்படிப் பிடிக்கிறது என்று கேட்கவில்லை. முதன்முதலாக வாங்கப்போகிறவர்கள் அதே இடத்தில் தடுக்கி விழக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எது ஸ்க்ரோல் சா, எது அல்ல

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். கடையில் ஸ்க்ரோல் சா கேட்டால் பல நேரம் ஜிக் சாவை எடுத்து நீட்டுவார்கள். ஜிக் சா கையில் பிடித்து மரத்தின் மேல் ஓட்டுவது. அதன் பிளேடின் கீழ்முனை பலகைக்கு அடியில் திறந்து கிடக்கும். அடியில் யாருடைய விரல் இருக்கிறது என்பது மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. குழந்தை கையில் கொடுக்கவே கூடாத கருவி அது.

ஸ்க்ரோல் சா மேசையில் நிலையாக நிற்கும். சுமார் 5 அங்குல நீளமுள்ள மெல்லிய பிளேடு இரண்டு கரங்களுக்கு நடுவே வீணைத் தந்தி போல இழுத்துக் கட்டப்பட்டு மேலும் கீழும் ஓடும். பிளேடு இருந்த இடத்திலேயே இருக்கும். நாம் பலகையைத்தான் நகர்த்துகிறோம். வட்ட ரம்பம் போல மரத்தைத் தூக்கி எறியாது. மின்சார ரம்பங்களில் குழந்தையோடு சேர்ந்து வேலை செய்ய ஏற்றது இது ஒன்றுதான் என்பேன். அதற்காக விரலை வெட்டாது என்று நினைத்துவிடாதீர்கள். மரத்தை அறுக்கும் பல் விரலையும் அறுக்கும்.

வாங்கும் முன் ஒரு மாதம் கை ரம்பம்

நகை ஆசாரிகள் கையில் ஒரு வில் ரம்பம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதே அமைப்பில், மரத்துக்கென்று ஆழமான வில் கொண்ட ஃப்ரெட் சா கிடைக்கிறது. ஜெர்மானிய வீடுகளிலும் பள்ளிகளிலும் இந்தக் கை ரம்பத்தைக் கொண்டுதான் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் மரம் அறுக்கக் கற்றார்கள். மேசை விளிம்பில் ஒரு பலகையை கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். அதன் முன்பக்கத்தில் ஆங்கில 'வி' வடிவத்தில் ஒரு வெட்டு இருக்க வேண்டும். அந்த வெட்டின் நடுவே ரம்பம் ஓடும். இரு பக்கமும் மரத்துக்குத் தாங்கல் கிடைக்கும்.

ஒரு மாதம் இதில் அறுக்கட்டும். மூன்று பிளேடு உடையும், பரவாயில்லை. மரத்தை அழுத்தித் தள்ளினால் வேலை நடக்காது, பல்லை அதன் போக்கில் விட வேண்டும் என்பதைக் கை தானாகக் கற்றுக்கொள்ளும். மின்சார இயந்திரத்தின் முன் நிற்கும்போது சொல்லிப் புரியவைக்க முடியாத பாடம் அது. ஒரு மாதம் கழித்தும் குழந்தைக்கு ஆர்வம் இருந்தால் இயந்திரம் வாங்குங்கள். இல்லையென்றால் உங்கள் பணம் மிச்சம்.

வயதைப் பற்றி என் கணக்கைச் சொல்கிறேன். ஏழு வயதுக்குள் வரைவது, உப்புத்தாள் போடுவது, ஒட்டுவது. ஏழிலிருந்து கை ரம்பம். பத்து வயதை ஒட்டி, பெரியவர் பக்கத்தில் நின்றபடி ஸ்க்ரோல் சா. வயதைவிட முக்கியமானது ஒன்று உண்டு: "நிறுத்து" என்று சொன்னால் அந்த நொடியே நிறுத்துகிற பிள்ளையா? அது கை ரம்பத்தில் தெரிந்துவிடும்.

பிளேடைப் பிடிக்கும் வாய்

இனி இயந்திரத்துக்கு வருவோம். முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: 'பின்' எனப்படும் குறுக்கு ஊசி உள்ள பிளேடா, அந்தப் பின் இல்லாத பிளேடா?

பின் உள்ள பிளேடின் இரு நுனிகளிலும் குறுக்கே ஒரு சின்ன ஊசித் துண்டு இருக்கும். கொக்கியில் மாட்டினால் போதும், வேலை முடிந்தது. சுலபம்தான். ஆனால் அந்தக் குறுக்கு ஊசி நுழைவதற்கே 5, 6 மி.மீ. துளை தேவை. பிளேடும் அகலம் என்பதால் சின்ன வளைவில் திரும்பாது. மலிவான சில இயந்திரங்கள் இதை மட்டுமே ஏற்கும். என் முதல் இயந்திரமும் அப்படிப்பட்டதுதான்.

பின் இல்லாத பிளேடு நுனி வரை தட்டையாக இருக்கும். ஒரு சிறு வாய் அதைத் திருகு போட்டுக் கவ்விக்கொள்ளும். 3-ஆம் எண் பிளேடு என்றால் (எண் குறையக் குறையப் பிளேடு மெல்லியது) 1.5 மி.மீ. துளை போதும். மூன்று சுழியும் உடையாமல் வரும். தமிழ் எழுத்துகளில் எத்தனை சுழிகள், எத்தனை மூடிய கண்கள் என்று எண்ணிப் பாருங்கள். தமிழில் பெயர் வெட்டப்போகிறவருக்குப் பின் இல்லாத பிளேடை ஏற்கும் இயந்திரம் கட்டாயம். இரண்டையும் ஏற்கும் இயந்திரங்களும் உண்டு. அதற்கான இணைப்புத் துண்டு பெட்டிக்குள்ளேயே இருக்கிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போகும்போது ஒரு காகிதத்தில் 10 செ.மீ. உயரத்துக்கு ஒரு ணகரம் வரைந்து எடுத்துப் போங்கள். "இதன் சுழிக்குள் பிளேடை எப்படி நுழைப்பது, காட்டுங்கள்" என்று கேளுங்கள். செய்து காட்ட முடியாத இயந்திரத்தை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

காட்டும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பிளேடு மாட்ட ஆலன் சாவி தேவைப்படுகிறதா, கையாலேயே திருக முடிகிறதா? சுழிகள் உள்ள ஓர் எழுத்தை வெட்ட, ஒவ்வொரு கண்ணுக்கும் பிளேடைக் கழற்றி, துளைக்குள் விட்டு, மறுபடி மாட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் சாவி தேடிக்கொண்டிருந்தால் குழந்தையின் கவனம் கலைந்துவிடும்.

வேகமும் அதிர்வும்

வேகத்தை மாற்றும் வசதி இல்லாத இயந்திரத்தை வாங்காதீர்கள். பிளேடு நிமிடத்துக்கு 400 முறையிலிருந்து 1600 முறை வரை மேலும் கீழும் ஓடும்படி மாற்றக்கூடியவை பரவலாகக் கிடைக்கின்றன. அதில் 1600 அல்ல, 400-தான் உங்களுக்கு வேண்டியது. குறைந்த வேகத்தில் பிளேடின் ஒவ்வோர் அசைவும் கையில் தெரியும். வளைவுக்கு முன்பே திரும்பத் தயாராக நேரம் கிடைக்கும். 500, 550-இல் தொடங்குபவையும் சரிதான். ஒரே வேகத்தில் ஓடும் இயந்திரம் பழகிய பெரியவருக்குப் பொருந்தலாம், குழந்தைக்குப் பொருந்தாது.

வாட் எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 6 முதல் 12 மி.மீ. பலகைக்கு 100 வாட்டை ஒட்டிய மோட்டாரே போதும்.

எடை அதிகமாக இருப்பது நல்லது. 12 கிலோ இயந்திரத்தைக்கூட மேசையில் போல்ட் போட்டு இறுக்காவிட்டால் அதிரும். அதிரும் மேசையில் குழந்தை பலகையை இன்னும் அழுத்திப் பிடிக்கும், கை விறைக்கும், பிளேடு உடையும். அடியில் பழைய ரப்பர் விரிப்புத் துண்டு போட்டு போல்ட்டை இறுக்கினால், அடுக்குமாடியில் கீழ்வீட்டாருக்கும் சத்தம் குறையும்.

விளம்பரத்தில் 16 அங்குலம், 20 அங்குலம் என்று போட்டிருப்பது பிளேடுக்கும் பின்புறத் தூணுக்கும் உள்ள இடைவெளி. அவ்வளவு நீளப் பலகையைத் தடையில்லாமல் சுற்றித் திருப்பலாம் என்று அர்த்தம். குழந்தைகளோடு செய்யும் வேலைக்கு 16 தாராளம். சாய்வாக வெட்டும் வசதியை விலை பேசும்போது நினைத்தே பார்க்க வேண்டாம். முதல் ஓராண்டு அது தேவைப்படாது.

ஸ்விட்ச், மின்வெட்டு, வோல்ட்

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் இயந்திரம் என்றால் முதலில் பெயர்த்தகட்டைப் பாருங்கள். அமெரிக்க மரவேலைக்காரர்கள் பெரிதும் போற்றும் டிவால்ட் டிடபிள்யூ 788 போன்றவை 120 வோல்ட்டுக்கானவை. நம் ஊர் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் மோட்டார் கருகிவிடும்.

அடுத்தது மின்வெட்டு. சாதாரண ஸ்விட்ச் உள்ள இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பிளேடு நிற்கும். ஸ்விட்ச் 'ஆன்' நிலையிலேயே இருக்கும். நின்ற பிளேடைத் தொட்டுப் பார்க்கக் குழந்தைக்குத் தோன்றும். மின்சாரம் திரும்பியதும் பிளேடு தானாக ஓடத் தொடங்கும். இதைத் தடுக்க இரண்டு வழிகள் உண்டு. பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தும்வரை ஓடாத வகை ஸ்விட்ச் சில இயந்திரங்களில் வருகிறது. மற்றொன்று கால் பெடல்: மிதித்தால் ஓடும், காலை எடுத்தால் நிற்கும்.

நான் பெடல் பக்கம். காரணம், மரம் குழந்தையின் கையில், பெடல் என் காலடியில். அவள் கை பிளேடின் நேர்க்கோட்டுக்கு வந்தால் சத்தம் போட வேண்டியதில்லை; காலைத் தூக்கினால் போதும். திட்டு வாங்காமல் வேலை நின்றுவிடும். ஆனால் ஒருமுறை மிதித்தால் ஓடிக்கொண்டே இருக்கும் வகைப் பெடலும் கடையில் உண்டு, அது வேண்டாம். பச்சைப் பொத்தான் வகை இயந்திரத்தில் பெடல் பயன்படாது. காலை எடுக்கும் ஒவ்வொரு முறையும் பொத்தானை மறுபடி அழுத்த வேண்டிவரும். ஆகவே இரண்டில் ஒன்றை முதலிலேயே முடிவு செய்யுங்கள். பெடலை இணைக்கும் மின்பணியாளரிடமே, அந்தப் பிளக் இருக்கும் இணைப்பில் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி உள்ளதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய இயந்திரம் வாங்கினால்

ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிளேடு பக்கவாட்டில் ஆடினால் கரத்தின் மூட்டுகள் தேய்ந்திருக்கும். பிளேடு கவ்வும் வாயின் திருகு மரை தேய்ந்திருந்தால் பிளேடு நழுவிக்கொண்டே இருக்கும். அந்த உதிரிபாகம் கிடைக்கிறதா என்று விசாரிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இயந்திரத்தில் பலகையை வைக்கும் தட்டு பிளேடுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. கனமான ஒரு மரத்துண்டில் அந்தப் பிளேடாலேயே 2, 3 மி.மீ. ஆழத்துக்கு ஒரு கீறல் போடுங்கள். துண்டை அப்படியே அரைச் சுற்றுத் திருப்பி, கீறலைப் பிளேடின் பின்பக்கம் கொண்டுவாருங்கள். கீறலுக்குள் பிளேடு தானாக அமர்ந்தால் தட்டு செங்குத்து. அமரவில்லை என்றால் சாய்வைத் திருத்த வேண்டும்.

பிளேடுகளுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள்

புதிதாகத் தொடங்குபவர் மாதத்தில் ஒரு டஜன் உடைப்பது சாதாரணம். பின் இல்லாத பிளேடுகள் எல்லா ஹார்டுவேர் கடையிலும் இருக்காது என்பதால் இயந்திரம் வாங்கும் நாளிலேயே இரண்டு, மூன்று டஜன் வாங்கிவிடுங்கள். 6 முதல் 12 மி.மீ. வரை 3-ஆம் எண். 12 முதல் 18 வரை 5-ஆம் எண். 6 மி.மீ.-க்கும் மெல்லிய பலகைக்கு 1-ஆம் எண் அல்லது அதைவிட மெல்லிய 2/0. நகைப் பட்டறைக்கான பிளேடுகளும் ஏறக்குறைய இதே நீளம்தான், அவசரத்துக்கு மாட்டலாம். ஆனால் உலோகத்துக்கான நெருக்கமான பல்லில் மரத்தூள் அடைத்துச் சூடேறும்.

கீழ்வரிசைப் பற்கள் மட்டும் மேல்நோக்கி இருக்கும் 'ரிவர்ஸ் டூத்' வகையைத் தேடி வாங்குங்கள். பிளைவுட்டின் அடிப்பக்கம் சிலாம்பு பெயராமல் வரும். சிலாம்பு குறைந்தால் பிஞ்சு விரலில் முள் ஏறுவதும் குறையும்.

எந்த மரம்

மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை வேண்டாம். வெட்டச் சுகமாக இருக்கும்; ஆனால் தூள் மாவு போலப் பறக்கும், பசையிலும் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுப் பொருள் உண்டு. தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும். மரக்கடையில் மலைவேம்பு, ரப்பர் மரத் துண்டுகளைக் கேளுங்கள். இழைத்துக் கேட்டால் இழைத்தும் தருவார்கள். சன்னபட்டணத்துப் பொம்மைகள் வெட்பாலை மரத்தில் செய்யப்படுபவை. எங்காவது அதன் துண்டு கிடைத்தால் விடாதீர்கள், வெண்ணெய் போல அறுபடும்.

பேக்கிங் பெட்டிப் பலகை மலிவாகக் கிடைக்கும். முத்திரையைப் பார்த்து எடுங்கள்: 'HT' என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது, 'MB' என்றால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது, தவிர்த்துவிடுங்கள். பழைய வீட்டுக் கதவு, ஜன்னல் சட்டம் போன்ற பெயிண்ட் அடித்த மரத்தை அறுக்கவோ தேய்க்கவோ கூடாது. வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் எவ்வளவு ஈயம் என்பது கண்ணுக்குத் தெரியாது.

எந்த மரத்தூளும் நுரையீரலுக்கு ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது. குழந்தைக்கும் உங்களுக்கும் என்-95 முகக்கவசம், காற்றோட்டமான பால்கனி, முடிந்ததும் ஈரத்துணியால் துடைப்பது. இந்த மூன்றில் எதையும் விட்டுவிடாதீர்கள்.

முதல் நாள்

இயந்திரத்தின் தட்டு குழந்தையின் முழங்கை உயரத்துக்கு வர வேண்டும். மேசை உயரமாக இருந்தால் குழந்தை ஏறி நிற்க அகலமான, ஆடாத பலகை மேடை போடுங்கள், ஸ்டூல் ஆகாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டச் சொல்லுங்கள். தலைமுடியைக் கட்டி, துப்பட்டா, வளையல், கயிறு எல்லாவற்றையும் கழற்றச் சொல்லுங்கள். கையுறை வேண்டாம், துணி பிளேடில் சிக்கும். காலில் மூடிய செருப்போ ஷூவோ கட்டாயம். வீட்டுக்குள் செருப்பா என்று பாட்டி கேட்பார். உடைந்த பிளேடுத் துண்டு தரையில் விழும் இடம் என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிளேடை மாட்டுங்கள். பல் கீழ்நோக்கி இருக்க வேண்டும். கீழிருந்து மேலாக மெதுவாகத் தடவினால் விரலில் சொரசொரப்பு தட்டும். அதுதான் சரியான பக்கம். எது சரி என்று குழந்தையையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இறுக்கிய பிறகு தந்தியைச் சுண்டுவது போலச் சுண்டுங்கள். கணீரென்று தெளிவாக ஒலித்தால் போதிய இறுக்கம். மந்தமாக ஒலித்தால் இன்னும் இறுக்குங்கள்.

முதல் வெட்டில் குழந்தை சொல்லப்போவது எனக்குத் தெரியும்: "பலகை துடிக்கிறது!" பிளேடு மேலேறும்போது பலகையையும் சேர்த்துத் தூக்கும். பலகையைக் கீழே அழுத்திக்கொள்ளும் பாதத்தை இறக்கிவைத்து, இரு உள்ளங்கைகளையும் பலகையின் மேல் தட்டையாக வைக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல்கள் பிளேடுக்கு இரு பக்கமும் இருக்கலாம். பிளேடுக்கு நேர் முன்னால் எந்த விரலும் வரக் கூடாது. இரண்டாவது புகார், கோட்டை விட்டு விலகுகிறது என்பது. அது குழந்தையின் பிழையல்ல. பெரும்பாலான பிளேடுகளில் தயாரிக்கும்போதே ஒரு விளிம்பில் பிசிறு தங்கும். வெட்டு அந்தப் பக்கம் இழுக்கும். பலகையைச் சில டிகிரி திருப்பிப் பிடித்துத் தள்ளினால் நேர்க்கோடு வரும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் "எனக்கு வரவில்லை" என்று பிள்ளை மனம் சோராது.

எழுத்துகளின் வரிசை

பாடப்புத்தக வரிசையில் எழுத்துகளை வெட்டாதீர்கள். ரம்பத்துக்கு என்று தனியாக ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ட: நேர்க்கோடுகளும் ஒரே ஓர் உள்மூலையும். பிறகு ப: இரண்டு உள்மூலைகள். அடுத்து ய. இந்த மூன்றுக்கும் துளையே வேண்டாம். பிறகு ம, பெரிதாக ஒரு கண், உள்ளே துளைபோட்டு பிளேடை நுழைக்கப் பழக ஏற்ற எழுத்து. பிறகு வ, ன. கடைசியில் ண. மூன்று சுழியையும் அறுத்து முடித்த பிள்ளை ணகரத்தையும் னகரத்தையும் பிறகு குழப்பிக்கொள்ளாது. என் மகளிடம் அதைக் கண்ணால் பார்த்தேன்.

காகிதத்தில் வரைந்த எழுத்தைப் பலகையில் ஒட்டி, அதன் மேல் பேக்கிங் டேப் ஒரு வரி ஒட்டிவிடுங்கள். வெட்டு விளிம்பு கருகாமல் வரும். இரண்டு பிள்ளைகள் இருந்தால் இரண்டு மெல்லிய பலகைகளை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி ஒரே வெட்டாக வெட்டுங்கள். யாருடையது பெரியது என்ற சண்டை வராது.

எழுத்து கைவந்த பிறகு வரைபடப் புதிர் செய்யலாம். 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடச் செதுக்குநர் மரப்பலகையில் வரைபடத்தை ஒட்டி எல்லை எல்லையாக அறுத்து விற்றார். இன்றைய ஜிக்சா புதிர்களின் முன்னோடி அதுதான், பிள்ளைகளுக்குப் புவியியல் கற்றுக்கொடுக்கச் செய்தது. தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களையும் ஒரே பலகையில் அறுக்கத் தொடங்கினால் ஒரு கோடை விடுமுறை முழுக்க ஓடும். முதல் முயற்சிக்கு உங்கள் மாவட்டத்தையும் அதைச் சுற்றியுள்ளவற்றையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிக்கும்போது

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பிளேடின் இறுக்கத்தைத் தளர்த்துங்கள். இறுக்கியே விட்டால் இயந்திரத்தின் கரங்களுக்குக் கேடு. தட்டைத் துடைத்து, மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்து, துணியால் மெருகிட்டு வையுங்கள். அடுத்த முறை பலகை வழுக்கிக்கொண்டு ஓடும். உடைந்த துண்டுகளைக் குப்பையில் போடாமல், மூடியில் துளை போட்ட ஒரு பழைய பவுடர் டப்பாவில் சேருங்கள். ஒவ்வொரு பிளேடும் குறைந்தது இரண்டு துண்டாக உடையும் என்பதால், அன்று உடைந்தவை மூன்று என்றால் டப்பாவுக்குள் ஆறு துண்டுகளாவது போயிருக்க வேண்டும். அதை எண்ணும் பொறுப்பைக் குழந்தையிடம் கொடுங்கள். ஒன்று குறைந்தால் காந்தத்தை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் தரையில் தேடுங்கள்.